கொள்ளை நோயும் வதந்தியும்

கொள்ளை நோய் பரவிய காலங்களின் வரலாற்றை ஆராய்வோர் யாவரும் ஓர் உண்மையைக் காண்பர். நோய் ஒருபுறம் பரவ, அதைப் பற்றிய வதந்தி மற்றொருபுறம் பரவும். நோய் சிலரைத் தொட்டுச் சிலரை விடும். வதந்தியோ ஒருவரையும் விடாது. இதனைக் கண்ட அறிவாளிகள், "பாமர மக்கள், எதையும் நம்புவர்" என்று சொல்லி ஒதுங்கிவிடுவது வழக்கம். இக்கூற்று சரியானதுதானா? வதந்திக்குக் காரணம் அறியாமை ஒன்றேதானா? 2020-ஆம் ஆண்டில் கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் பிழைக்க வந்திருந்த அயல்நாட்டார், சிறப்பாகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தோர், பட்ட பாட்டைக் கொண்டு இவ்வினாவைச் சிறிது ஆராய்வோம்.

முதலில் பழைய செய்தி ஒன்று. 1896-ஆம் ஆண்டில் பம்பாய் நகரில் பிளேக் நோய் புகுந்தது. நோயாளிகளை வீட்டினின்றும் பிரித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோயினர். அங்கே போனவரைக் கொன்றுவிடுகின்றனர், உடலிலிருந்து எண்ணெய் வடிக்கின்றனர் என்று ஊரெங்கும் பேச்சுக் கிளம்பிற்று. அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் ஆலைத் தொழிலாளர் திரண்டு ஆர்தர் ரோடு மருத்துவமனையைத் தாக்கினர். 1897-ல் சர்க்கார் தொற்றுநோய்ச் சட்டம் இயற்றிற்று. பூனாவில் சிப்பாய்கள் வீடு வீடாக நுழைந்து சோதனையிட்டனர். அச்சோதனைக்குத் தலைமை வகித்த ராண்ட் என்னும் வெள்ளை அதிகாரி அவ்வாண்டு ஜூன் மாதம் 22-ந் தேதி சுடப்பட்டார். எண்ணெய் வடிக்கும் கதை பொய்தான். ஆயினும் அப்பொய் முளைத்த நிலம் எது? சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குள் நுழைந்த பூட்ஸ் காலும், பிடித்துச் செல்லப்பட்டவன் என்ன ஆனான் என்பதைச் சொல்வாரில்லாத மௌனமுமே அன்றோ?

இதற்கு மறுதலையான பாடம் கிள்ளானிலேயே உண்டு. 1901-ல் மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர் கிள்ளானுக்கு வந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் (இன்றைய போர்ட் கிள்ளானில்) மலேரியா தலைவிரித்தாடிற்று. சதுப்பு நிலத்தின் கெட்ட காற்றே அந்நோய்க்குக் காரணம் என்று படித்தவரும் நெடுங்காலம் நம்பியிருந்தனர். கொசுவின் வயிற்றில் அந்நோய்க் கிருமியை ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் கண்டது 1897-ல்தான். அக்கண்டுபிடிப்புக்குப் பின் சில ஆண்டுகளுக்குள் கிள்ளானில் காடு வெட்டப்பட்டது, வடிகால்கள் தோண்டப்பட்டன, காய்ச்சல் தணிந்தது. மெய்யறிவு உரிய காலத்தில் வந்து செயலிலும் இறங்கினால் நோயை வெல்லலாம் என்பதை உலகுக்குக் காட்டிய ஊர்களுள் கிள்ளானும் ஒன்று.

1918-ஆம் ஆண்டின் கதையோ வேறு. முதல் உலகப் போர் முடியும் தறுவாயில் பரவிய இன்புளுயன்சா, அக்டோபர் மாதத்தில் மலாயாவை வாட்டிற்று. தோட்டங்களில் நெருக்கமான லயங்களில் வாழ்ந்த இந்தியத் தொழிலாளரிடையே சாவு மிகுதியாயிருந்தது. அந்நோயின் கிருமியைப் பற்றி மருத்துவர்களே தவறாக எண்ணியிருந்தனர். மனிதரிடத்தில் அதனைப் பிரித்தறிந்தது 1933-ல்தான். எழுத்தறியாத தொழிலாளிக்கு அன்று கிடைத்த செய்தியெல்லாம் கங்காணி சொன்னதும், பக்கத்து லயத்தில் கேட்ட அழுகுரலுமே.

நிற்க. நூறாண்டுகள் கழிந்தன. எழுத்தறிந்தவர் பெருகினர், ஒவ்வொருவர் கையிலும் கைபேசி வந்தது. இனி வதந்திக்கு இடமில்லை என்று எண்ணத்தோன்றும். நடந்ததைப் பாருங்கள்.

மலேசியாவில் கோவிட்-19 நோய் முதன்முதலாக 2020 ஜனவரி 25-ந் தேதி உறுதி செய்யப்பட்டது. பிப்ரவரி இறுதியில் ஸ்ரீ பெட்டாலிங் பள்ளிவாசலில் ஏறத்தாழ 16,000 பேர் கூடிய சமயக் கூட்டத்திற்குப் பின் நோய் விரைந்து பரவிற்று. மார்ச் 16-ந் தேதி இரவு பிரதமர் முகிதீன் யாசின், 18-ந் தேதி முதல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வரும் என்று அறிவித்தார். கடைத்தெருக்களில் அரிசிக்கும் மாவுக்கும் கூட்டம் நெருக்கிற்று. மறுநாள், மாநிலம் விட்டு மாநிலம் செல்வோர் போலீசாரிடம் அனுமதி பெறவேண்டும் என்ற அறிவிப்பு வந்தது. போலீஸ் நிலையங்களில் மக்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நின்றனர். அன்றிரவே அந்நிபந்தனை நிறுத்திவைக்கப்பட்டது. கூட்டம் கூடாதே என்பதற்காகப் பிறந்த ஆணை, பிறக்கும் முன்னரே கூட்டத்தைக் கூட்டிவிட்டது! காலையில் சொன்னது இரவில் மாறுமாயின், மக்கள் சர்க்கார் சொல்லை விடுத்துப் பக்கத்து வீட்டார் சொல்லைக் கேட்பதில் வியப்பென்ன?

அதே மார்ச் 17-ந் தேதி இந்திய சர்க்காரும் ஓர் ஆணை பிறப்பித்தது. ஆப்கானிஸ்தான், பிலிப்பைன்ஸ், மலேசியா ஆகிய மூன்று நாடுகளிலிருந்தும் இந்தியாவுக்கு விமானம் புறப்படலாகாது என்பதே அது. ஆணை வெளிவந்த அன்றே நடப்புக்கு வந்தது. பயணச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கோலாலம்பூர் விமான நிலையத்தில் பலர் திகைத்து நின்றனர். பிலிப்பைன்சில் கல்வி பயின்று இவ்வழியே ஊர் திரும்பிய மாணவர்களும் அவர்களுள் இருந்தனர். பின்னர் டெல்லிக்கும் விசாகப்பட்டினத்திற்கும் விமானம் செல்ல இசைவு கிடைத்தது. மற்றையோர் மே மாதத்தில் வந்தே பாரத் திட்டம் தொடங்கும்வரை காத்திருந்தனர். வழக்கமான பன்னாட்டு விமானப் போக்குவரத்தை இந்தியா மீண்டும் திறந்தது 2022 மார்ச் 27-ந் தேதியன்று, ஏறத்தாழ இரண்டாண்டுகள்! ஊரில் தாய் இறந்தாள் என்ற செய்தி வந்தபோது அவளது சிதையைக் கைபேசித் திரையில் கண்டு அழுதவர் நம்மிடையே உளர். அத்தகையவனிடம், "நாளை திருச்சிக்கு விமானம் விடுகிறார்களாம்" என்று ஒருவன் சொன்னால் அவன் எப்படி நம்பாதிருப்பான்? நம்பிக்கையன்றி வேறொன்றும் அவன் கையில் இல்லையே!

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் உணவகங்கள், முடிதிருத்தகங்கள், நகைப் பட்டறைகள் ஆகியவற்றில் தமிழ்நாட்டுத் தொழிலாளர் பலர் வேலை செய்கின்றனர். உணவகங்களில் பொட்டலம் கட்டிக் கொடுப்பது மட்டும் நடந்தது. முடிதிருத்தகங்கள் மார்ச் 18 முதல் ஜூன் 10 வரை, அதாவது 12 வாரங்கள், மூடிக்கிடந்தன. இத்தொழிலாளரின் வேலை அனுமதி ஒரே முதலாளியோடு பிணைக்கப்பட்டது. கடை மூடினால் கூலி நிற்கும். வேறிடம் போனாலோ அனுமதி போகும். ஆகலின் அவர்கள் அறிய வேண்டியவை மூன்றே: கூலி வருமா? அனுமதி புதுப்பிக்கப்படுமா? ஊருக்குப் போக வழியுண்டா? இம்மூன்றுக்கும் தெளிவான விடையைத் தமிழில் சொன்னவர் மிகச் சிலரே.

சுகாதாரத் தலைமை இயக்குநர் நோர் ஹிஷாம் அப்துல்லா நாள்தோறும் தொலைக்காட்சியில் தோன்றி நோயின் கணக்கை ஒளிவுமறைவின்றிச் சொன்னார். மின்னல் வானொலி தமிழில் செய்தி தந்தது. இவை நாட்டிற் பிறந்தோர்க்குப் பெருந்துணை. அயலிலிருந்து வந்த தமிழனோ பெரும்பாலும் சென்னைத் தொலைக்காட்சியையும் ஊரார் அனுப்பும் வாட்ஸாப் செய்தியையும் பார்ப்பவன். இங்கே ஒரு விசித்திரத்தைக் கவனிக்க வேண்டும். மொழி ஒன்று, சர்க்காரோ இரண்டு. 2020 ஏப்ரல் 26 முதல் சென்னை, கோவை, மதுரை நகரங்களில் முழு அடைப்பு என்று தமிழ்நாட்டு சர்க்கார் அறிவித்தது. அத்தகைய அறிவிப்பு நாட்டின் பெயரும் ஊரின் பெயரும் உதிர்ந்து, "நாளை முதல் நான்கு நாள் எல்லாக் கடையும் அடைப்பு" என்று மட்டும் வந்து சேர்ந்தால் என்னவாகும்? சென்னையில் மெய்யாயிருப்பது பிரிக்பீல்ட்ஸில் பொய்யாகும். யாரும் திட்டமிட்டுப் பொய் சொல்லவில்லை. ஆயினும் வதந்தி பிறந்துவிடுகிறது.

வேண்டுமென்றே கட்டப்பட்ட கதைகளுக்கும் குறைவில்லை. வெந்நீர் குடித்தால் கிருமி சாகும் என்றனர். இரவில் ஹெலிகாப்டர் மருந்து தெளிக்கும் என்று பல நாடுகளில் பேசினர். கோழியுண்டால் நோய் வரும் என்ற பொய்யால் நாமக்கல் பண்ணையாளர் முட்டையைக் கேட்பாரின்றித் தவித்தனர். மார்ச் 22-ந் தேதி இந்தியாவில் நடந்த 14 மணி நேர மக்கள் ஊரடங்கால் கிருமி முற்றும் அழியும் என்று கணக்குப் போட்டுக் காட்டினர். இவற்றைப் பரப்பியவர் பாமரர் மட்டுமல்லர். ஆங்கிலம் பயின்றவன் வதந்திக்கு அப்பாற்பட்டவன் என்று எண்ணவேண்டா. ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரைத் தாங்கி ஆங்கிலத்தில் வந்த பொய்யை அவன் ஆராயாமலே ஏற்றான். தமிழில் பெயர்த்துப் பிறர்க்கும் ஊட்டினான்.

இனி மிக முக்கியமான நிகழ்ச்சிக்கு வருவோம். கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா சாலையில் சிலாங்கூர் மென்ஷன், மலாயன் மென்ஷன் என்னும் இரு பழைய அடுக்குமாடிக் கட்டடங்கள் உள்ளன. 2020 ஏப்ரல் 7-ந் தேதி அவற்றைச் சுற்றி முள்கம்பி போடப்பட்டது. உள்ளே 365 வீடுகள். சுமார் 6,000 மக்கள். அவர்களுள் பெரும்பாலோர் அயல்நாட்டார் என்று அமைச்சர் இஸ்மாயில் சப்ரி கூறினார். வீட்டுக்குப் பதினாறு பேர் என்ற கணக்கு வருகிறது! "தள்ளி நில்லுங்கள்" என்ற நல்லுரையை அங்கே எவ்வாறு கடைப்பிடிப்பது?

பயண ஆவணம் இல்லாதோரும் அஞ்சாமல் பரிசோதனைக்கு வரலாம் என்று மார்ச் மாதத்தில் சர்க்கார் தரப்பில் உறுதி கூறப்பட்டிருந்தது. "பரிசோதனை என்று அழைத்துப் பிடித்துவிடுவார்கள்" என்று பேசிக்கொண்டவர்களும் உண்டு. அதனை வீண் வதந்தி என்று நல்லெண்ணமுடையோர் மறுத்தனர். மே மாதம் 1-ந் தேதி, உலகத் தொழிலாளர் நாளன்று, அவ்வட்டாரத்திலேயே குடிநுழைவுத் துறையினர் சோதனை நடத்தி, சிறுவர் உட்பட 700-க்கும் மேற்பட்டோரை வண்டியேற்றினர். அம்மாத இறுதியில் புக்கிட் ஜாலில், செமினி, சிப்பாங் ஆகிய இடங்களின் தடுப்பு முகாம்களிலும் நோய் கண்டது. சட்டப்படி செய்தோம் என்றனர் அதிகாரிகள். சட்டம் இருக்கட்டும், சொல் என்னாயிற்று? அன்று வதந்தி மெய்யாயிற்று, உறுதிமொழி பொய்யாயிற்று. ஒருமுறை அவ்வாறு நேர்ந்துவிட்டால், பின்னர் வரும் நூறு வதந்திகளுக்கும் அதுவே சான்றாகி நிற்கும். 2021-ல் ஆவணமில்லாதோர்க்கும் தடுப்பூசி உண்டு என்று சர்க்கார் நல்ல முடிவெடுத்தபோதும், பலர் தயங்கினர் என்றால் அக்குற்றம் யாருடையது?

வதந்தி அச்சத்தோடு நிற்பதில்லை. அது பழிசுமத்த ஆளைத் தேடும். 2020 ஏப்ரலில் ரோஹிங்யா அகதிகள் குடியுரிமை கேட்கின்றனர் என்ற பொய்ச் செய்தி பரவி, அவ்வேழைகள் மீது வெறுப்பு மூண்டது. அதனை நம்மவரும் கைபேசியில் பகிர்ந்தனர். தோழர்களே, ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறி, மேல்தட்டில் வெயிலிலும் மழையிலும் வந்து, தனித்தங்கு முகாம்களில் அடைக்கப்பட்டவர் யார்? நோய் கொண்டுவரும் கூலிகள் என்று எண்ணப்பட்டவர் யார்? நம் பாட்டனும் பாட்டியும் அல்லரோ?

2020 நவம்பரில் கிள்ளான் மேருவில், கையுறைத் தொழிற்சாலைத் தொழிலாளரின் விடுதிகளில் நோய் பரவிற்று. அந்நிறுவனத்தின் 28 தொழிற்சாலைகளைப் படிப்படியாக மூட நேர்ந்தது. உலகத்தாரின் கைக்கு உறை செய்தோர்க்குத் தள்ளிப் படுக்க இடமில்லை! 1990-ல் தோட்ட, சுரங்கத் தொழிலாளரின் குடியிருப்புக்கென இயற்றப்பட்ட சட்டம், 2019-ல் திருத்தப்பட்டுப் பிற தொழில்களுக்கும் விரிந்திருந்தது. சட்டம் ஏட்டில் இருந்தது. கட்டில் விடுதியில் இல்லை. 1918-ன் லயத்திற்கும் 2020-ன் விடுதிக்கும் நெருக்கத்தில் என்ன வேற்றுமை?

நான் கிராணியாக வேலை பார்க்கும் தோட்டத்தில் சுற்றறிக்கைகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் வரும். அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டால் கடமை முடிந்தது என்பது பொதுவான எண்ணம். பெரட்டுக் களத்தில் அவற்றை வாய்விட்டுப் படித்து, அவரவர் மொழியில் ஒருவரைக்கொண்டு சொல்லச் செய்து, "தெரியாததைக் கேளுங்கள்" என்று நின்ற நாட்களில் லயங்களில் கட்டுக்கதை குறைந்தது. "இதற்கு எமக்கும் விடை தெரியாது, தெரிந்ததும் சொல்வோம்" என்ற சொல்லைக்கூட அவர்கள் மதித்தனர். மௌனத்தைத்தான் அவர்கள் மதிக்கவில்லை.

ஆகவே நாம் கண்ட முடிபு இது: வதந்தியை அறியாமை மட்டும் பெறுவதில்லை, மௌனமும் சொல் தவறுதலும் சேர்ந்தே பெற்று வளர்க்கின்றன. வதந்தியைப் பரப்புவோர்க்குத் தண்டனை விதிக்கச் சட்டங்கள் உண்டு. சொன்ன சொல்லைக் காவாத அதிகாரத்திற்குத் தண்டனை எங்கே?

அதற்காக நம் கடமை நீங்கிவிடாது. ஒரு செய்தி வந்தால், இதைச் சொன்னவன் யார், அவன் அறிந்தது எவ்வாறு, இது எந்த ஊருக்கு எந்த நாளுக்கு உரியது என்று கேட்டுப் பழகுவோமாக. விடை கிடைக்காத செய்தியை நம் கையோடு நிறுத்துவோமாக. அயலிலிருந்து வந்து நம் பக்கத்தில் உழைப்பவனுக்கு மெய்ச்செய்தியை அவன் மொழியில் எடுத்துரைப்போமாக. அடுத்த கொள்ளை நோய் எந்நாள் வரும் என்பதை யாரும் அறியார். அது வரும்பொழுது, தன் நிலையைக் கேட்டறிய ஒருவருமின்றி முள்கம்பிக்குள் எவனும் நிற்கலாகாது.