கரிகாலனைக் கொன்றது யார்? கல்கிக்குப் பிறகு வந்த கதைகள்

அரசியல் சீரியல் பார்த்து முடிச்சதும் கை சும்மா இருக்காது. 'அப்புறம் என்னாச்சு?'ன்னு தேடுவோம். அமெரிக்காவுல 'வெஸ்ட் விங்' ரசிகர்கள் அந்த வெள்ளை மாளிகை ஆட்களை வெச்சு எக்கச்சக்கமா கதை எழுதினாங்க. தமிழ்ல ஃபேன் ஃபிக்‌ஷன் ஏதாவது சொல்லுங்கன்னு கேட்டா, நான் சொல்றது பொன்னியின் செல்வனோட தொடர்ச்சிகளைத்தான். டிவி இல்லாத காலத்துல வாரா வாரம் வந்த அரசியல் டிராமா அது. 1950-ல 'கல்கி' பத்திரிகையில ஆரம்பிச்சு 1954-ல முடிஞ்சது.

முடிச்ச விதம் பல வாசகர்களுக்குப் பிடிக்கல. திடீர்னு நிறுத்திட்டாருன்னு வருத்தம். கல்கி முடிவுரை எழுதி, பாத்திரங்களுக்குப் பின்னாடி என்ன ஆச்சுன்னு சுருக்கமா சொன்னார். மத்த எழுத்தாளர்கள் இதைத் தொடரலாம்னும் வழி விட்டார். நம்ம பாஷையில, சோர்ஸ் கோடைத் திறந்து வெச்சு, ஃபோர்க் பண்ணிக்கோங்கன்னு சொன்ன மாதிரி. அதே 1954 டிசம்பர்ல அவர் காலமாயிட்டார்.

முதல்ல படிக்க வேண்டியது விக்கிரமன் எழுதிய 'நந்திபுரத்து நாயகி'. கல்கி விட்ட இடத்துல இருந்து எடுக்குது. அரியணையில உத்தம சோழன், காத்திருக்கும் அருள்மொழி, பழையாறையில குந்தவை. கல்கியோட வேகம் இதுல இல்ல, பொறுமை வேணும். அதுக்குப் பிறகு அனுஷா வெங்கடேஷின் 'காவிரி மைந்தன்'. பாலகுமாரனின் 'உடையார்' ஆறு பாகம். அது கல்கிக்குத் தொடர்ச்சி இல்ல, பெரிய கோயில் கட்டின கதை. ஆனா அதே ராஜராஜனை வேற ஒருத்தர் எப்படிப் பார்க்கிறார்னு தெரிஞ்சுக்கப் படிக்கலாம்.

எல்லாரையும் இழுக்குற இடம் ஒண்ணுதான்: ஆதித்த கரிகாலன் கொலை. காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடி கோயில்ல ராஜராஜனோட 2-வது ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கு. கரிகாலனைக் கொன்ன துரோகிகள்னு சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன்னு பேர் சொல்லி, அவங்க, அவங்க உறவினர்களோட நிலத்தைப் பத்திப் பேசுது. அவ்வளவுதான். ஏன் கொன்னாங்க, பின்னாடி யார் இருந்தாங்கன்னு அதுல இல்ல. அது நிலத்தைப் பத்தின ஆவணம், கொலைவழக்குத் தீர்ப்பு இல்ல.

அந்த ஓட்டையில வரலாற்றாசிரியர்களே மோதிக்கிட்டாங்க. உத்தம சோழனுக்குப் பங்கு இருக்கலாம்னு நீலகண்ட சாஸ்திரி சந்தேகப்பட்டார். சதாசிவ பண்டாரத்தார் மறுத்தார். கல்கி என்ன பண்ணார் தெரியுமா? இங்க ஸ்பாய்லர், படிக்காதவங்க அடுத்த பத்திக்குத் தாவிடுங்க. ஒரே ஆளை ரெண்டு ஆளாப் பிரிச்சுட்டார்! ஆசை பிடிச்ச மதுராந்தகன் ஒருத்தன், பூத்தொடுக்கிற சேந்தன் அமுதன் இன்னொருத்தன். கடைசியில உத்தம சோழனா முடிசூடுறது அமுதன். சந்தேகமும் கதையில இருக்கு, உத்தமனும் தப்பிச்சுட்டார். என்னைக் கேட்டா, தமிழ்ல எனக்குத் தெரிஞ்ச மிகப் புத்திசாலித்தனமான ஃபேன் ஃபிக்‌ஷன் வேலை இதுதான். கல்கி வரலாற்றுக்கு எழுதின ஃபேன் ஃபிக்‌ஷன்.

சிக்கலும் இங்கதான். 2022, 2023-ல படம் வந்த பிறகு, நந்தினியைக் கல்வெட்டுல தேடுறவங்களைப் பார்த்தேன். நந்தினி கல்கியோட கற்பனை. பூங்குழலியும் கற்பனை. வந்தியத்தேவன் கற்பனை இல்ல, குந்தவையோட கணவரா தஞ்சைக் கல்வெட்டுல வர்றவர். உத்தம சோழன் நிஜமா ஆண்ட மனுஷன். ஆயிரம் வருஷம் கழிச்சும் கொலைப்பழி அவர் மேல ஒட்டியிருக்கு, அவரால வந்து பதில் சொல்ல முடியாது. அதனால தொடர்ச்சி எதைப் படிச்சாலும், பக்கத்துல அந்த மூணு பேரையும் ஒரு தாள்ல எழுதி வெச்சுக்கோங்க. மீதி எல்லாம் எழுத்தாளர் சேர்த்தது.

இதைத் தர்மபுரி மாவட்டத்துல இருந்து பேசும்போது ஒரு ஏக்கமும் வருது. நம்ம ஊர்தான் பழைய தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சிக்காக ஔவையார் தொண்டைமான்கிட்ட தூது போறாங்க. அங்க ஆயுதங்கள் நெய் பூசி அழகா அடுக்கி வெச்சிருக்கு. எங்க மன்னனோட வேல் எல்லாம் உடைஞ்சு கொல்லன் பட்டறையில கிடக்குதுன்னு பாராட்டுற மாதிரி குத்துறாங்க. புறநானூற்றுல இருக்கு. எந்த அரசியல் சீரியல்லயும் இதைவிட நல்ல தூதர் காட்சி நான் பார்த்ததில்ல.

அப்புறம் சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை அழிச்சான். அந்தப் போரைப் பாடின 'தகடூர் யாத்திரை' முழுசா கிடைக்கல. புறத்திரட்டுலயும் உரைகள்லயும் சில பாட்டு மட்டும் தப்பிச்சிருக்கு. முற்றுகை நடக்கும்போது கோட்டைக்குள்ள என்ன பேசினாங்க, யார் சமாதானம் வேணும்னாங்க? எழுத நினைக்கிறவங்களுக்கு உடையார்குடியைவிடப் பெரிய ஓட்டை இது. யாராவது எழுதினா அனுப்புங்க, அடுத்த பட்டியல்ல முதல்ல அதைச் சேர்க்கிறேன்.