ஓதிய கிளைகளும் எழுதிய ஏடுகளும்

கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் புகையிரதப் பாதையில் உள்ள ஊர் உக்குவளை. அங்கிருந்து வடக்கே சென்று மாத்தளை நகரைக் கடந்தால், பெரும் பாறைகளுக்கிடையே அலுவிகாரை என்னும் குகைக் கோயில் தோன்றும். கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் காலத்தில், பௌத்தத் திரிபிடகம் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பெற்ற இடம் இதுவே என்பது மரபு.

அதுவரை மனிதர் நினைவே ஏடாக இருந்தது. அனைத்தையும் ஒருவரே மனனஞ் செய்தல் அரிதாதலின், பாணகர் எனப்பெற்ற பிக்குகள் நூல்களைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஓதிக் காத்தனர். அந்நிலையில் கொடும் பஞ்சம் வந்தது. பிக்குகள் பலர் மாண்டனர். ஒரு நெருக்கடிக் காலத்தில் மகாநித்தேசம் என்னும் நூலை அறிந்தவர் ஒருவரே எஞ்சியிருந்தார் எனச் சமந்தபாசாதிகை என்ற உரைநூல் கூறுகின்றது. அவரோ ஒழுக்கம் கெட்டவர். அவரிடம் பாடங் கேட்க மகாரக்கித தேரர் மறுத்தார். நூல் அழிந்துவிடும் என்று மூத்தவர் வற்புறுத்திய பின்னரே இணங்கினார். ஓர் உயிர் போனால் ஒரு நூலே போய்விடும் நிலை அது. ஏட்டின் தேவை அதனால் விளங்கும்.

ஆயினும், சொற்களை ஏட்டில் ஏற்றுவதோடு வேலை முடிவதில்லை. எந்நூல் எக்கிளையைச் சேர்ந்தது என்பதில் பாணகர் ஒருமித்திலர். சிறுநூல்களின் தொகுதியைத் தீக நிகாயம் ஓதியோர் அபிதம்ம பிடகத்தில் அடக்கினர். மஜ்ஜிம நிகாயம் ஓதியோரோ, சரியாபிடகம், அபதானம், புத்தவம்சம் ஆகிய மூன்றையும் அத்தொகுதியோடு சேர்த்துச் சுத்த பிடகத்தில் வைத்தனர். கி.பி. 5ஆம் நூற்றாண்டில், காஞ்சிபுரத்திலும் வாழ்ந்தவரான புத்தகோசர் அநுராதபுரத்தில் சிங்கள உரைகளைப் பாளிக்கு மாற்றினார். அப்போது இவ்விரு பகுப்புகளையும் சுமங்கலவிலாசினியில் குறித்து வைத்தார். ஒன்றை மட்டும் எழுதி மற்றதை விட்டிருப்பின், அவ்வேறுபாடு பின்வந்தோர்க்குத் தெரியாமலே போயிருக்கும்.

இன்று கணினி நிரல் எழுதுவோரும் இத்தகைய சிக்கலை எதிர்கொள்கின்றனர். நிரலில் நிகழும் ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாகக் காக்கும் களஞ்சியங்கள் உண்டு. 2000ஆம் ஆண்டில் தொடங்கிய சப்வெர்ஷன் என்னும் ஏற்பாட்டில் கிளை என்பது வழக்கத்தால் அமைந்த ஒரு கோப்புறையே. 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட் என்னும் ஏற்பாட்டிலோ கிளை தனியே அறியப்படும். வழக்கத்துக்கு மாறாகக் கிளைகளை வைத்த களஞ்சியத்தை முன்னதிலிருந்து பின்னதற்குப் படியெடுக்கும்போது, எக்கோப்புறை எக்கிளை என்பதை மனிதரே கருவிக்குச் சொல்லவேண்டும். சொல்லாவிடில் கோப்புகள் வந்து சேரலாம். அவை பிரிந்து வளர்ந்த வரலாறு சிதைந்துவிடும்.

1848ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியின்போது அலுவிகாரையின் நூலகம் அழிந்தது. ஆனால் திரிபிடகம் அழியவில்லை. அதன் படிகள் இலங்கையின் பிற விகாரைகளிலும், மியன்மார், தாய்லாந்து முதலிய நாடுகளிலும் முன்பே பரவியிருந்தன. படியெடுத்தோர் நூலைக் காத்தனர். வேறுபாட்டையும் குறித்து வைத்தோர், அந்நூல் கடந்துவந்த வழியையும் காத்தனர்.