மரப்பட்டை சாட்சி சொன்ன கதை

1344ஆம் ஆண்டு மாலைத்தீவிலிருந்து கிளம்பிய இப்னு பதூதாவின் கப்பல் மாபார் எனப்பட்ட சோழமண்டலக் கரைக்குப் போகவேண்டியது. காற்று திசையை மாற்றி இலங்கையில் கொண்டுவந்து தள்ளியது. அவர் இறங்கிய 'பத்தாலா' என்ற ஊர் புத்தளமே என்பது பெரும்பாலான வரலாற்றாசிரியர்களின் முடிவு. வெள்ளம் அடித்துவந்த கறுவா மரங்கள் கரையில் குன்று குன்றாகக் குவிந்து கிடந்ததைக் கண்டு அவர் மலைத்துப்போனார். மாபார்க்காரரும் மலபார்க்காரரும் அவற்றை விலை கொடுக்காமலே அள்ளிப்போனார்களாம். அரசருக்குத் துணிமணி கொடுத்தால் போதுமாம். அன்று காற்று கொண்டுவந்தது ஒரு யாத்திரிகரை. ஆறு நூற்றாண்டு கழித்து அதே காற்றில் ஏறிய சரக்கு எவர் கண்ணிலும் படவில்லை.

1934–35இல் இலங்கையைப் பிடித்த மலேரியா ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோனது. அந்தப் பயம் ஆறுவதற்குள் டி.டி.ரி. என்ற மருந்து வந்தது. 1946இலிருந்து ஊர் ஊராக வீட்டுச் சுவர்களில் அதை அடித்தார்கள். நுளம்பு விழுந்தது, காய்ச்சலும் விழுந்தது. 1963இல் நாடு முழுவதிலும் பதிவான நோயாளிகள் வெறும் 17 பேர். வெற்றி என்று எண்ணி மருந்தடிப்பதை நிறுத்தினார்கள். 1969இல் எண்ணிக்கை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. மறுபடியும் டி.டி.ரி., பிறகு 1977இல் அதற்குப் பதிலாக மலத்தியன். மலேரியாவின் கதை அதோடு முடியவில்லை. ஆனால் இந்தக் கதைக்கு வேண்டியது வேறொரு கேள்வி: சுவரில் அடித்த டி.டி.ரி. சுவரிலேயே தங்கியதா?

தங்கவில்லை. எளிதில் சிதையாத, கொழுப்பில் கரைகிற இந்த வகை இரசாயனங்கள் வெயிலில் மெல்ல ஆவியாகி, குளிரில் படிந்து, மறுபடி கிளம்பி நாடு நாடாய் அலைபவை. இது தெரியவந்ததற்குக் காரணம் உள்ளங்கையில் அடங்கும் ஒரு கருவி. 1957இல் ஆங்கிலேயரான ஜேம்ஸ் லவ்லொக் உருவாக்கிய எலெக்ட்ரோன் கவர் உணரி, குளோரின் கலந்த சேர்மங்களை நம்பமுடியாத நுண்ணிய அளவிலும் கண்டுபிடித்தது. அதை வைத்துக்கொண்டு சுவீடனில் சோரன் யென்சன் என்ற வேதியியலாளர் டி.டி.ரி.யைத் தேடினார். உணரி தந்த வரைபடத்தில் டி.டி.ரி.க்குரிய முகடு தெரிந்தது. கூடவே, பெயர் தெரியாத வேறு சில முகடுகளும் நின்றன.

முதலில் அவை வெறும் தொல்லையாகவே தோன்றியிருக்கும். யென்சன் விடவில்லை. டி.டி.ரி. புழக்கத்துக்கு வருமுன் சேகரித்த கழுகு இறகுகளை எடுத்துச் சோதித்தார். அவற்றிலும் அதே முகடுகள்! தன் தலைமுடியிலும் மனைவியின் முடியிலும் கைக்குழந்தையின் முடியிலும்கூட இருந்தன. 1966இல் ஆளை அடையாளம் காட்டினார்: பி.சி.பி. அமெரிக்காவின் அனிஸ்டன் நகரில் 1929இலிருந்து வணிகரீதியில் தயாரான, இலகுவில் தீப்பற்றாத எண்ணெய். மின்மாற்றிகளுக்கும் மின்தேக்கிகளுக்கும் இதைவிட வாய்ப்பான திரவம் இல்லை என்று உலகமே வாங்கி நிரப்பியிருந்தது. கசிந்தது எவ்வளவு, காற்றில் கலந்தது எவ்வளவு? அதை அளக்கத்தான் வழி தெரியவில்லை.

வழி பிறந்தது அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்துப் புளூமிங்டனில். அது சுண்ணாம்புக்கல்லுக்குப் பேர்போன வட்டாரம். எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் கல் அந்தப் பக்கத்தில் வெட்டியதுதான். அங்கே மின்தேக்கி செய்துவந்த வெஸ்டிங்ஹவுஸ் ஆலையின் கழிவு குப்பை மேடுகளிலும், கைவிட்ட கல் வெட்டிய குழியொன்றிலும் கொட்டப்பட்டது. ஆலை 1977இல் பி.சி.பி.யைக் கைவிட்டது, கொட்டியது கொட்டியபடியே கிடந்தது. அதே ஊர்ப் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் ஹைட்ஸ் என்ற வேதியியலாளர் இருந்தது ஊருக்கு அடித்த அதிர்ஷ்டம். காற்றை உறிஞ்சும் பம்புகள் விலை கூடியவை, மின்சாரம் கேட்பவை. கேட்டாலும் அன்றைய காற்றை மட்டுமே சொல்லும். கடந்துபோன ஆண்டுகளின் காற்றை யாரிடம் கேட்பது?

மரத்திடம் கேட்கலாம் என்பது அழகான யோசனை. ஆண்டுக்கொரு வளையம் போடுகிற அடிமரத்தில் ஆண்டுக்கொரு கணக்கும் இருக்கவேண்டுமே! குப்பை மேட்டருகே நின்ற மரங்களின் வளையங்களும் பட்டையும் சோதனைக்குப் போயின. வளையங்கள் கைவிரித்தன, தேடிய காலக்கணக்கு அவற்றில் இல்லை. நஞ்சு இருந்தது பட்டையில்.

1987இல் வெளியான அந்த ஆய்வு, தோற்றுப்போன யோசனைக்குக் கிடைத்த ஆறுதல் பரிசு போலத் தெரியலாம். உண்மையில் பரிசே அதுதான். வெளிப்பட்டை செத்த திசு. மெழுகும் கொழுப்பும் கலந்தது. வெடிப்பும் துளையும் நிறைந்தது. எண்ணெய் தேய்த்த தலையில் தூசி ஒட்டுவதுபோல, காற்றிலுள்ள ஆவியும் தூளும் அதில் ஒட்டி ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுகின்றன. உளியால் ஒரு துண்டு செதுக்கி, கரைப்பானில் ஊறவைத்துப் பிரித்தால் போதும். மரமும் சாகாது. ஒரு குப்பை மேட்டுக்குச் சரியானது உலகத்துக்கும் சரிவருமா?

ஹைட்ஸும் அவருடைய மாணவி ஸ்டேசி சிமோனிச்சும் உலகெங்கும் 90 இடங்களிலிருந்து இருநூறுக்கு மேற்பட்ட பட்டைத் துண்டுகளைத் திரட்டி 22 சேர்மங்களைத் தேடினார்கள். 1995 செப்டம்பரில் சயன்ஸ் இதழில் முடிவு வந்தது. ஏழை நாடுகள்தான் இன்னமும் நஞ்சைத் தெளிக்கின்றன என்ற பேச்சுக்கு அதில் ஒரு குட்டு: தடை போட்டு ஆண்டுகள் கழிந்தும் பணக்கார நாடுகளின் மரங்களில் அழுக்கு அப்படியே இருந்தது. இலகுவில் ஆவியாகும் ஹெக்சாகுளோரோபென்சீன் துருவங்களை நோக்கி நகர்ந்திருந்தது. எண்டோசல்பான் போன்றவை தெளித்த வட்டாரத்தை விட்டு அதிகம் அசையவில்லை. காற்றில் மருந்து எங்கே போகிறது என்ற பழைய கேள்விக்குப் பட்டைத் துண்டுகள் பதில் சொல்லிவிட்டன. பி.சி.பி. எண்ணெயை என்ன செய்வது என்ற கேள்வி மிச்சமிருந்தது. அதற்கான பதிலொன்று புத்தளத்தில் கிடைத்தது.

நீடித்திருக்கும் சேதன மாசுகளை ஒழிக்கும் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையில் இலங்கையும் சேர்ந்திருந்தது. பழைய மின்மாற்றி எண்ணெயை வெளிநாட்டுக்கு அனுப்பி எரிப்பது பெரும் செலவு. நாட்டில் அதற்கேற்ற வெப்பம் உள்ள இடம் புத்தளத்துச் சீமெந்துச் சூளை. சுண்ணாம்புக்கல் கலவை பகுதியளவில் உருகி இறுகும் 1,450 பாகை வெப்பம். நோர்வே நாட்டு நிபுணர் கோரே கார்ஸ்டன்சனும் இலங்கை அறிஞர்களும் பி.சி.பி. எண்ணெயை அதில் செலுத்திப் பார்த்தார்கள். 2010இல் வெளியான முடிவின்படி 99.9999 வீதத்துக்கும் மேலாக அது அழிந்தது. புதிதாக டயொக்சின் என்ற நஞ்சும் உண்டாகவில்லை. நல்ல செய்திதான். ஆனால் புகைபோக்கியில் எடுத்த அளவு அந்தச் சோதனை நேரத்துக்கு மட்டுமே சாட்சி.

அதன் பிறகு இந்தக் கரைக்கு வந்தவை இன்னும் பெரியவை. 2011இல் நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையம் இயங்கத் தொடங்கி 900 மெகாவாட்டுக்கு வளர்ந்தது. தூளும் சாம்பலும் தோட்டங்களில் படிவதாக விவசாயிகள் முறையிட்டார்கள். 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லை குப்பை மலை சரிந்து உயிர்கள் போனபின், கொழும்புக் குப்பைக்கு இடமாகச் சீமெந்துக்குக் கல் வெட்டிய அருவக்காட்டுக் குழிகள் முன்னுக்கு வந்தன. புத்தளத்து மக்கள் வீதிக்கு வந்து எதிர்த்தார்கள். சுண்ணாம்புக்கல் குழியில் குப்பையைப் போட்ட புளூமிங்டனின் வரலாறு தெரிந்தவருக்கு அந்த எதிர்ப்பு மிகையாகப் படாது.

இங்கும் மரப்பட்டையைச் சாட்சிக்கு அழைக்கலாம். இந்தக் கரையில் திரும்பிய பக்கமெல்லாம் தென்னை. ஆனால் தென்னைக்கும் பனைக்கும் உண்மையான பட்டை கிடையாது. தோலை உரித்துப் போடும் கொய்யாவும் கணக்கைத் தக்கவைக்காது. புளி, வேம்பு, பூவரசு போன்ற கரட்டுப்பட்டை மரங்களே இதற்கு ஏற்றவை. நுரைச்சோலை வேலியோரத்திலும் சூளையின் காற்றுப் பக்கத்திலும் அருவக்காட்டு வழியிலும், ஒப்பிட்டுப் பார்க்கத் தொலைவிலுள்ள கற்பிட்டி முனையிலும் நிற்கும் மரங்களில் சில வருடத்துக்கொரு முறை ஒரு துண்டு செதுக்கிச் சோதிக்கும் வேலையைப் பல்கலைக்கழகங்களும் சுற்றாடல் அதிகார சபையும் தவறாமல் செய்யவேண்டும். இப்போதே தொடங்காவிட்டால், குழிகள் நிரம்பிய பிறகு எடுக்கும் முதல் துண்டை ஒப்பிட முன்னைய துண்டு இருக்காது.