இரண்டாம் பக்கத்தின் இலக்கணம்: வலைச் சட்டகங்களும் பிழைச் செய்தியும்

வலைச் செயலியின் படிவம் ஒன்று முதன்முறை திறக்கும்போது பெரும்பாலும் ஒழுங்காகவே இருக்கும். நிரலர் அதைத்தான் பார்த்திருப்பார். டபிள்யூ3சி சரிபார்ப்பானுக்கும் அதன் முகவரியைத்தான் கொடுத்திருப்பார். பயனர் ஒரு கட்டத்தை நிரப்பாமல் அனுப்பியதும் சர்வர் திருப்பித் தரும் பக்கம் வேறு. பிழைக் குறிப்புகள் சேர்ந்த அந்த இரண்டாம் பக்கம், படிவத்தை அனுப்பினால் மட்டுமே பிறக்கிறது. முகவரியை வைத்துக்கொண்டு தேடிவரும் சரிபார்ப்பான் அதை எட்டுவதில்லை. ஃபிரேம்வொர்க் எனப்படும் சட்டகம் தரநிலைக்கு உட்பட்ட மார்க்அப்பைத் தருகிறதா என்பதை அந்தப் பக்கத்தில்தான் சோதிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். அங்கே நேரும் குறைகளுக்கு நிரலரின் கவனக்குறைவு முதன்மைக் காரணம் அல்ல. வார்ப்புரு நிரலரின் கையிலும், பிழைக் குறிப்பு சட்டகத்தின் கையிலும் இருக்கின்றன. இரண்டும் வெறும் எழுத்துச் சரங்களாக ஒட்டப்படும்போது, ஒன்று நிற்கும் இடம் மற்றதற்குத் தெரிவதில்லை.

ரூபி ஆன் ரெயில்ஸ் இதற்குத் தெளிவான சான்று. அதன் 2ஆம் பதிப்பு வரிசையில், தானாக உருவாகும் படிவங்கள் ஒவ்வொரு உள்ளீட்டையும் ‘பி’ என்னும் பத்திக் குறிச்சொல்லுக்குள் வைத்தன. உள்ளீட்டில் பிழை இருந்தால், சட்டகம் அதைச் சுற்றி ஒரு ‘டிவ்’ உறையைப் போட்டது. பத்திக்குள் ‘டிவ்’ வர எச்டிஎம்எல் இலக்கணம் இடம் தருவதில்லை. ஆகவே உலாவி ‘டிவ்’வைக் கண்டதுமே பத்தியை மூடிவிடும், உள்ளீடு பத்திக்கு வெளியே போய்விடும். பின்னால் வரும் பத்தி மூடும் குறி மூடுவதற்கு எதுவும் இல்லாமல் நிற்கும். எச்டிஎம்எல்5 வகுத்த விதிப்படி, அதற்காகவே வெற்றுப் பத்தி ஒன்று பிறக்கும். அதே மூலத்தை எக்ஸ்எம்எல்லாக அனுப்பினால் ‘டிவ்’ பத்திக்குள்ளேயே தங்கும். ஒரே எழுத்து வரிசை இரண்டு வெவ்வேறு மரங்களாக விரிகிறது. பத்திக்குள் இருக்கும் உள்ளீட்டுக்கென எழுதிய பாணி விதி, பிழை நேர்ந்த கணத்தில் செயலிழக்கிறது. அதாவது, பயனருக்குத் தெளிவு மிகவும் தேவைப்படும் நேரத்தில் பக்கம் குலைகிறது. 3ஆம் பதிப்பில் படிவ வார்ப்புரு பத்தியைக் கைவிட்டு ‘டிவ்’வுக்கு மாறியது, உறை போடும் வழக்கம் மட்டும் இயல்புநிலையாகத் தொடர்ந்தது. நோய்க்குக் காரணமான பொறியமைப்பை விட்டுவிட்டு அதன் சுற்றுப்புறத்தை மாற்றியதாகவே இதை நான் மதிப்பிடுகிறேன்.

ஜாங்கோ அடுக்கு முறையைச் சரியாகப் புரிந்துகொண்டது. பத்தி வடிவில் படிவத்தைத் தரும்போது, பிழைப் பட்டியலைப் பத்திக்கு வெளியே, அதற்கு முன்னால் வைத்தது. சரிபார்ப்பானுக்கு அதில் குறை இல்லை. ஆனால் அந்தச் செய்தி எந்த உள்ளீட்டுக்கு உரியது என்பதைக் கண்ணால் பார்ப்பவர் மட்டுமே, அருகாமையை வைத்து ஊகிக்க முடிந்தது. பிழையுள்ள உள்ளீட்டில் ‘ஏரியா-இன்வாலிட்’ பண்பைச் சேர்க்கும் வழக்கம் 2023 டிசம்பரில் வந்த 5.0 பதிப்பில்தான் இயல்பானது. இலக்கணப் பிழை இல்லாத வாக்கியமும் பொருள் சொல்லத் தவறலாம் என்பதை இது காட்டுகிறது.

ஏஎஸ்பி.நெட் சிக்கல் வேறு வகை. 2005இல் வந்த அதன் 2.0 பதிப்பு, எக்ஸ்எச்டிஎம்எல் இணக்கத்துக்கென்றே ஓர் அமைப்பைத் தந்தது. ஆனால் உலாவியின் பெயரைப் பார்த்து மார்க்அப்பை மாற்றும் பழைய வழக்கமும் உடன் இருந்தது. டபிள்யூ3சி சரிபார்ப்பானை அது அறிந்திராததால், பழங்கால உலாவிக்கு உரிய மார்க்அப்பைக் கொடுத்தது. பயனர் கண்ட பக்கம் ஒன்று, நடுவர் கண்ட பக்கம் இன்னொன்று.

இன்று இதெல்லாம் பொருட்டே இல்லை என்று ஒரு வாதம் உண்டு. அது வலுவான வாதமும்கூட. தவறான மார்க்அப்பை எப்படி மீட்பது என்பதையே எச்டிஎம்எல்5 விதியாக்கிவிட்டது. 2023 அக்டோபரில் வெளியான, டபிள்யூசிஏஜி என்னும் வலை அணுகல்தன்மை வழிகாட்டியின் 2.2 பதிப்பு, பாகுபடுத்தல் பற்றிய 4.1.1 விதியைக் காலாவதியானதென நீக்கிவிட்டது. எனினும் எல்லா உலாவிகளும் ஒரே மரத்தைத் தருகின்றன என்பதால், அது ஆசிரியர் எண்ணிய மரமாகிவிடாது. பொறுப்பு நீங்கவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. 2018இன் 2.1 பதிப்பு நிலைச் செய்திகளுக்கென 4.1.3 விதியைச் சேர்த்தது அதற்குச் சான்று.

‘ஃபிளாஷ்’ எனப்படும் ஒருமுறைச் செய்தியை எடுத்துக்கொள்வோம். சர்வர் வேறு பக்கத்துக்குத் திருப்பிவிட்ட பிறகு, புதுப் பக்கத்தின் தலையில் அது தோன்றும். அதற்கு ‘அலெர்ட்’ என்ற பங்கைக் கொடுத்துவிட்டால் திரைவாசிப்பான் அறிவித்துவிடும் என்று பலர் நம்புகிறோம். அந்தப் பங்கு மாற்றத்தை அறிவிக்க வந்தது. பக்கத்தோடு கூடவே பிறந்த செய்தி மாற்றம் ஆகாது, அது பெரும்பாலும் மௌனமாகவே கிடக்கும். பிரிட்டன் அரசின் வடிவமைப்புத் தொகுப்பு இதற்குக் கண்ட வழி எளியது: பக்கத் தலைப்பின் முன்னால் ‘பிழை’ என்று சேர்ப்பது, பிழைச் சுருக்கத்துக்கு விசைப்பலகைக் குவியத்தைக் கொண்டுசெல்வது. மார்க்அப் ஒன்றே போதாது, பக்கம் வந்துசேரும் விதத்தையும் சட்டகம் அறிந்திருக்க வேண்டும்.

சரங்களை விட்டு மரமாகவே பக்கத்தைக் கட்டுவது ஒரு முன்னேற்றம்தான். பத்திக்குள் ‘டிவ்’ வந்தால் ரியாக்ட் உருவாக்கக் காலத்திலேயே எச்சரிக்கிறது. ஆனால் பிழை நிலை திரையில் வந்தால்தான் அந்த எச்சரிக்கையும் வரும். எனவே ஒவ்வொரு படிவத்தையும் வேண்டுமென்றே பிழையோடு அனுப்பி, திரும்பும் பக்கத்தைச் சரிபார்ப்பானுக்கு ஊட்டும் சோதனையைச் சட்டகமே இயல்பாகத் தர வேண்டும் என்று கேட்கிறேன்.

அப்படிச் செய்தாலும் அகப்படாத ஒன்று தமிழ்ப் பக்கங்களில் உண்டு. பக்கத்தின் மொழி தமிழ் என்று மார்க்அப் அறிவித்திருக்கும்; பிழைச் செய்திக்கு மொழிபெயர்ப்பு இல்லையென்றால் கெட்டெக்ஸ்ட் முறை மூல ஆங்கிலச் சரத்தையே சத்தமின்றித் திருப்பித் தரும். அது தமிழ் அல்ல என்ற தகவல் அந்தச் சரத்தோடு வருவதில்லை. ஆகவே சட்டகத்தால் அதற்கு மொழிப் பண்பு இட முடிவதில்லை. சரிபார்ப்பான் குறை காணாது. திரைவாசிப்பானோ அந்த ஆங்கில வரியையும் தமிழென்றே எடுத்துக்கொண்டு வாசிக்கப் புகும்.