சர்க்குலரும் ரூட்டரும்

இங்கிருந்து ஊரில் இருக்கும் அப்பாவின் கணக்குக்குப் பணம் அனுப்புகிறோம். கொஞ்ச நேரத்தில் அங்கே வரவாகிவிடுகிறது. அந்தத் தகவல் போகும் கம்பி நம் வங்கிக்கு மட்டுமே சொந்தம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. அதே தொலைத்தொடர்பு நிறுவனத்தின் அதே ஃபைபரில் ஒரு சிமெண்ட் கம்பெனியும் போகலாம், எதிர்க்கடை வங்கியும் போகலாம். ஒருவர் சரக்கு அடுத்தவர் வாசலில் இறங்காமல் எது தடுக்கிறது? நான் காமர்ஸ் படித்தவன். எனவே வங்கிக்காரன் பாஷையிலேயே சொல்கிறேன்.

1990-களில் தனி இணைப்பு என்றால் லீஸ்டு லைன், இல்லாவிட்டால் ஃப்ரேம் ரிலே. இரண்டு இடத்துக்கு நடுவே ஓர் இணைப்பு என்பது கணக்கு. 100 கிளைகளை ஒன்றோடொன்று நேராகக் கோக்க 4950 இணைப்புகள் வேண்டும். யாருக்குக் கட்டுப்படியாகும்? 1999-ல் ஹைதராபாத்தின் ஐடிஆர்பிடி வங்கிகளுக்கென்றே தொடங்கிய இன்ஃபினெட் கூட முதலில் விசாட் டிஷ்களை நம்பித்தான் ஓடியது. எம்பிஎல்எஸ் பின்னாளில்தான் வந்தது.

அதே 1999 மார்ச்சில் எரிக் ரோசன், யாக்கோவ் ரெக்டர் இருவரும் எழுதிய ஆர்எஃப்சி 2547 வெளியானது. இந்த ரெக்டர்தான் 1989-ல் கர்க் லாஹீடுடன் சேர்ந்து சாப்பாட்டு மேசை நாப்கின் தாளில் பிஜிபியை வரைந்தவர். எந்த முகவரிக்கு எந்த வழி என்று ரூட்டர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் மொழி அது. வாடிக்கையாளர்களின் வழிகளையும் இதே பிஜிபியில் சொல்லிவிடலாம், பாக்கெட்டின் மேல் எம்பிஎல்எஸ் லேபிள் ஒட்டி அனுப்பிவிடலாம் என்பது புது யோசனை. நடுவில் இருக்கும் ரூட்டர்கள் லேபிளை மட்டும் பார்த்தால் போதும்.

இரண்டு சிக்கல்கள் இருந்தன. முதலாவது, எல்லா நிறுவனங்களும் உள்ளுக்குள் 10 என்று தொடங்கும் முகவரிகளையே வைத்துக்கொள்கின்றன. கோர் பேங்கிங்குக்கு முன் கும்பகோணம் கிளையிலும் சேமிப்புக் கணக்கு 101 இருக்கும், காரைக்குடியிலும் 101 இருக்கும். எல்லாம் ஒரே கம்ப்யூட்டருக்கு வந்தபோது முன்னால் கிளை எண்ணைச் சேர்த்தார்கள். இங்கேயும் அதே வைத்தியம்தான். 4 பைட் முகவரிக்கு முன்னால் 8 பைட் எண் ஒன்று. பெயர் ரூட் டிஸ்டிங்குவிஷர்.

இரண்டாவது, யாருக்கு எதைச் சொல்வது? தலைமை அலுவலக சர்க்குலரில் யார் யாருக்கு நகல் என்று ஒரு பட்டியல் இருக்குமே, அதுபோல ஒவ்வொரு வழிக்கும் ரூட் டார்கெட் என்று ஒரு குறியீடு. அனுப்பும் ரூட்டர் அதை எக்ஸ்போர்ட்டில் ஒட்டும். வாங்கும் ரூட்டர் தன் இம்போர்ட் பட்டியலில் இருப்பதை மட்டும் ஃபைல் செய்யும். டிஸ்டிங்குவிஷர் அடையாளம் மட்டும்தான். யாருக்குப் போக வேண்டும் என்று தீர்மானிப்பது டார்கெட். இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய.

இதை வைத்து வலையின் வடிவத்தையே மாற்றலாம். கிளைகள் 'கிளை' என்று ஒட்டி அனுப்பி, 'மையம்' என்று இருப்பதை மட்டும் வாங்கட்டும். டேட்டா சென்டர் இதற்கு நேர்மாறாகச் செய்யட்டும். எந்தக் கிளைக்கும் இன்னொரு கிளைக்கான நேர்வழி தெரியாது. எல்லாப் போக்குவரத்தும் மையம் வழியாகத்தான். கம்பி எதையும் மாற்றவில்லை, சொல்வதை மட்டும் மாற்றினோம்.

வாடிக்கையாளர்கள் பெருகியதும் வேறொரு தலைவலி. வழிகளைத் திரட்டி விநியோகிக்கும் ரூட் ரிஃப்ளெக்டர் எல்லா வழிகளையும் எல்லா ரூட்டருக்கும் அனுப்பியது. வாங்கியவை தமக்கு வேண்டாததைக் குப்பையில் போட்டன. புது வாடிக்கையாளர் வந்தால் போட்டதையே மறுபடி கேட்டு வாங்க வேண்டும். நாட்டிலுள்ள அத்தனை சர்க்குலரும் ஒரு சின்னக் கிளைக்கு வந்து, மேனேஜர் உட்கார்ந்து கிழித்துப்போடுவது மாதிரி. 2006 நவம்பரில் வந்த ஆர்எஃப்சி 4684 இதைத் தலைகீழாக்கியது. ஒவ்வொரு ரூட்டரும் தனக்கு எந்தெந்த டார்கெட் வேண்டும் என்று முதலில் பிஜிபியிலேயே சொல்லிவிடும். அனுப்புகிறவர் அதை மட்டும் அனுப்புவார். இதே டார்கெட் முறை 2015-ல் வந்த ஆர்எஃப்சி 7432 மூலம் இவிபிஎன்னுக்கும் போய்ச் சேர்ந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. விபிஎன்னில் வரும் 'பி' என்ற எழுத்துக்கு பிரைவேட் என்று பொருள் இருந்தாலும், எம்பிஎல்எஸ் எதையும் பூட்டுவதில்லை. தகவலைத் தானாக என்கிரிப்ட் செய்வதும் இல்லை. பிரிவினை முழுக்க அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. இம்போர்ட்டில் ஓர் எண்ணை மாற்றித் தட்டினால் ஒருவர் வலைக்குள் இன்னொருவரின் வழிகள் வந்து உட்கார்ந்துவிடும். எந்த மணியும் அடிக்காது. எனவே மேலே தனியாக ஒரு என்கிரிப்ஷன் அவசியம். ஒரு வவுச்சரை ஒருவர் போட, இன்னொருவர் சரிபார்த்துத்தான் பாஸ் செய்கிறோம். இந்தப் பட்டியலில் ஒரு வரி மாறினாலும் அப்படி இரண்டாவது கையெழுத்து வேண்டும் என்பேன். அப்பாவின் பென்ஷன் பணமும் அந்த வழியில்தானே போகிறது.