வேண்டுகோள் நிலைத்த சுவர்

சீகிரியாக் குன்றின் உச்சியில் கி.பி. 477 முதல் 495 வரை காசியப்பன் அரசிருந்தான். தந்தை தாதுசேனனைக் கொன்று முடி கவர்ந்தவன்; தம்பி முகலனுக்கு அஞ்சியே இக்குன்றை அரணாக்கினான் என்று சூளவமிசம் கூறும். அம்மாளிகையிலிருந்து அவன் இட்ட ஆணைகள் பலவாதல் வேண்டும். அவன் போரில் மாண்டதும் தலைநகர் மீண்டும் அனுராதபுரமாயிற்று. அவன் வாய்மொழி ஆணைகள் காற்றோடு கலந்தன.

ஆயினும் அக்குன்றில் வேறு குரல்கள் நிலைத்தன. ஏறிச் செல்லும் பாதையோரத்தில், சுதை பூசி மெருகேற்றிய கண்ணாடிச் சுவர் நிற்கிறது. பெரும்பாலும் 8ஆம் நூற்றாண்டு முதல் 10ஆம் நூற்றாண்டு வரை, குன்றின் ஓவியங்களைக் காண வந்தோர் அதில் சிங்களச் செய்யுள்களைக் கீறிச் சென்றனர். பிக்குகளும் அரச அலுவலரும் பெண்களும் அவருள் உளர். அறிஞர் செனரத் பரணவிதான அவற்றுள் 685 செய்யுள்களைப் படித்து 1956இல் நூலாக வெளியிட்டார்.

அச்செய்யுள்கள் பல, ஓவிய மகளிரையே விளித்துப் பேசுகின்றன. ஒரு சொல்லேனும் கூறலாகாதா என ஏங்குவோரும், அவர்தம் மௌனத்துக்கு வருந்துவோரும் உண்டு. ஓவியத்துக்கு ஆணையிட்டுப் பயனில்லை, வேண்டத்தான் இயலும்.

ஏவுதலும் இரத்தலும் சொல்லால் வேறுபடும் என்பதை நம் இலக்கணம் நன்கறியும். ஒரு பொருளைக் கேட்கும்போது, தாழ்ந்தோன் 'ஈ' என்பான், ஒத்தோன் 'தா' என்பான், உயர்ந்தோன் 'கொடு' என்பான் என்று தொல்காப்பியர் வகுத்தார். சிங்களத்திலும் இத்தகைய மரபுண்டு. 'பலயன்' என்பது 'போடா' என்னும் கடுஞ்சொல். 'யன்ன' என்பது 'போங்கள்' என்பதற்கு நிகர். பிக்குவிடமோ 'வடின்ன' என்றே பணிந்துரைப்பர்.

அந்நூல் வெளிவந்த 1956ஆம் ஆண்டிலேதான், சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்னும் சட்டமும் நிறைவேறியது. 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. இன்ன மொழியில் எழுதுக எனச் சட்டம் ஏவலாம். ஆனால் அயலான் மனமுவந்து மறுமொழி கூறவேண்டுமெனில், அவனிடம் எப்படிக் கேட்கிறோம் என்பதே முதன்மையாகும். 'பலயன்' எனவும் கேட்கலாம், 'யன்ன' எனவும் கேட்கலாம். 'கொடு' எனவும் கேட்கலாம், 'தா' எனவும் கேட்கலாம். இவ்வேற்றுமையை அறிந்த இரு மொழிகள் ஒரே தீவில் வாழ்கின்றன.

இன்று அச்சுவரில் எவரும் கீறலாகாது; அது சட்டப்படி குற்றம். நாம் செய்யக்கூடியது, முன்னோர் கேட்டுச் சென்றதைப் படித்தறிவதே. அரசனின் அதட்டல் அங்கே கேட்கவில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வழிப்போக்கர் விடுத்த வேண்டுகோள் இன்னும் கேட்கிறது.