ஊரா, புறொயிலரா? – யாழ்ப்பாணத்துக் கோழியின் சிறு வரலாறு

யாழ்ப்பாணத்தில் கோழி வாங்கப் போகிறவரிடம் கடைக்காரர் கேட்கும் முதற் கேள்வி “ஊரா, புறொயிலரா?” என்பதாகும். வாங்குகிறவர் மடியிலுள்ள காசையும் வீட்டிலுள்ளோரின் ருசியையும் எண்ணிப் பதில் சொல்கிறார். எங்கள் பாட்டன் பாட்டிமார் காலத்தில் இந்தக் கேள்வி இருந்திருக்க முடியாது. அன்று கோழி என்றால் கோழிதான். இன்னொரு கோழி வந்து சேர்ந்த பிறகே பழைய கோழிக்கு ‘ஊர்’ என்ற அடைமொழி தேவைப்பட்டது. அந்த அடைமொழியின் வரலாற்றைத் தேடிப் போனால் உணவின் கதையோடு, இந்தக் குடாநாட்டில் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் நம்பி வாங்கி விற்ற கதையும் சேர்ந்தே வருகிறது.

நான் படிப்பிக்கும் நீர்வேலி, யாழ்ப்பாணம் – பருத்தித்துறை வீதியில் கோப்பாய்க்கும் புத்தூருக்கும் இடையே கிடக்கும் தோட்டக் கிராமம். செம்மண் பூமி, வாழைக்குப் பெயர் போன ஊர். தோட்டமுள்ள ஊரில் கோழிக்குத் தீனி தேடிக் கொடுக்க வேண்டியதில்லை. எருக்கும்பியைக் கிளறும், வாழையடியில் புழு பொறுக்கும், அடுப்படிக் குறுணலுக்கு ஓடிவரும். பக்கத்து வீட்டு வெங்காயப் பாத்தியைக் கிளறி வேலிச் சண்டைக்கும் வழி வைக்கும். மாலையில் கூட்டில் அடைப்பதும், அடைக்கு வைப்பதும், குஞ்சுகளைப் பருந்துக்கும் கீரிக்கும் தப்பவைப்பதும் பெண்களின் வேலை. அதனால் கோழி விற்ற காசும் முட்டை விற்ற காசும் பெண்களின் கையிலேயே இருந்தன. பிள்ளைப்பேற்று வீட்டில் சரக்கரைத்த கறிக்கும், பெரியபிள்ளையான பெண்ணுக்கு நல்லெண்ணெயோடு கொடுக்கும் முட்டைக்கும் இந்தக் கோழியே வேண்டும்.

இக்கோழியை வாங்க வந்தவர்களில் யாழ் நகரத்துச் சோனகத்தெருப் பக்கத்து முஸ்லிம் வியாபாரிகளும் இருந்தார்கள் என்று ஊரிலுள்ள முதியவர்கள் நினைவுகூர்கிறார்கள். யாழ்ப்பாணத்து இறைச்சி வியாபாரத்தில் எம்மவருக்குப் பழைய பங்கு உண்டு. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். சைவ வீட்டில் வளர்ந்த கோழி முஸ்லிம் வீட்டுக்கு உதவ வேண்டுமானால் அது உயிரோடு கைமாற வேண்டும். வளர்த்தவர் யாராயிருந்தாலும், அல்லாஹ்வின் பெயர் சொல்லி முறைப்படி அறுக்கும்போது அது ஹலாலாகிறது. உயிருள்ள கோழி இரண்டு சமூகங்களும் சந்திக்கக்கூடிய பண்டமாக இருந்தது. வாங்குபவர் படலையடிக்கு வருவார். கோழியைத் தூக்கி நெஞ்செலும்பைத் தடவிப் பார்ப்பார். வீட்டுக்காரி விலை சொல்வா. இருவருக்கும் மற்றவரின் முகம் தெரியும்.

அக்கோழி என்ன தின்று வளர்ந்தது என்ற கேள்வியும் எமக்குப் புதியதன்று. ஸஹீஹுல் புகாரியில் ஒரு செய்தி வருகிறது. அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களின் விருந்தில் கோழி இறைச்சி வைக்கப்பட்டபோது ஒருவர் உண்ணாமல் ஒதுங்கினார். கோழி அசுத்தமானதைத் தின்னக் கண்டதால் தனக்கு அருவருப்பு என்றார். நபி (ஸல்) அவர்கள் கோழி இறைச்சி உண்டதைத் தாம் கண்டதாகக் கூறி அபூமூஸா அவரை அழைத்தார்கள். கழிவைத் தின்று வளரும் பிராணியை ஃபிக்ஹு நூல்கள் ‘ஜல்லாலா’ என்கின்றன. அத்தகைய கோழியை மூன்று நாள் அடைத்துவைத்துச் சுத்தமான தீனி கொடுத்த பின்னரே இப்னு உமர் (ரலி) அவர்கள் உண்பார்கள் என்று அறிவிக்கப்பட்டுள்ளது. நாட்கணக்கைவிட, இறைச்சியில் ஏறிய வாடை நீங்கியதா என்பதே முக்கியம் என்பது இமாம் நவவீயின் கருத்து. விலங்கு தின்றது அதன் இறைச்சிக்குள் போகிறது, உண்பவர் அதை விசாரிக்க வேண்டும் என்பதே இவ்விவாதங்களின் அடிப்படை. படலையடியில் வாங்கியவருக்கு அந்த விசாரணை எளிது. கண்ணெதிரே கோழி மேய்ந்துகொண்டிருந்தது.

இந்தத் தொடர்பு 1990 ஒக்டோபர் 30இல் அறுந்தது. அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினார்கள். அம்மாதத்தில் வடமாகாணம் முழுவதிலுமிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் 70,000க்கும் மேற்பட்டோர். பெரும்பாலானோர் புத்தளத்து அகதி முகாம்களுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வீடு, கடை, பள்ளிவாசல் ஆகியவற்றின் இழப்பைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. படலையடி வரை நீண்டிருந்த இத்தகைய சிறு கொடுக்கல் வாங்கல்களின் இழப்பு எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை.

குடாநாட்டில் எஞ்சியவர்களுக்கும் அதே ஆண்டில் பொருளாதாரத் தடை வந்தது. மின்சாரம் நின்றது. தீனியும் மருந்தும் வெளியிலிருந்து வந்தாலன்றிப் பண்ணைக்கோழி வாழாது. ஊர்க்கோழிக்கு இவை எதுவும் வேண்டாம். எரிபொருளும் குளிர்பெட்டியும் இல்லாத அந்த ஆண்டுகளில் முற்றத்திலே உலாவிய கோழி, கெடாத இறைச்சியாகவும் அவசரத்துக்கு விற்கக்கூடிய காசாகவும் இருந்தது. 1995 ஒக்டோபர் 17இல் தொடங்கிய ‘ரிவிரெச’ படை நடவடிக்கை நீர்வேலி, கோப்பாய்ப் பக்கமாக யாழ் நகரை நோக்கி நகர்ந்தது. ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்தது. முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டு ஐந்து ஆண்டுகள் சரியாக நிறைந்த நாள் அது. கூடுகளைத் திறந்து கோழிகளை விட்டுவிட்டுப் போனதாக ஊரவர் சொல்வார்கள். 1996இல் அவர்கள் திரும்பி வந்து மீண்டும் ஒரு பேட்டிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

போர்நிறுத்தத்தை அடுத்து 2002 ஏப்ரலில் ஏ-9 வீதி திறந்தது. தென்னிலங்கைப் பண்டங்கள் லொறி லொறியாக வந்தன. உறைந்த கோழியும் பண்ணைக் குஞ்சும் அவற்றோடு வந்தன. 2006 ஓகஸ்டில் வீதி மூடப்பட்டதும் விலைகள் ஏறின. குடாநாடு மீண்டும் முற்றத்தை நாடியது. 2009இல் வீதி மறுபடி திறந்த பின்னர் புறொயிலர் நிலைத்துவிட்டது. எங்கள் கோழியின் வரலாற்றை ஏ-9 வீதி திறந்த நாட்களையும் மூடிய நாட்களையும் கொண்டே எழுதிவிடலாம்.

இந்தப் புறொயிலர் எங்கிருந்து வந்தது? பெருந்தொகையாகக் குஞ்சு பொரிப்பிப்பது நவீன மேலைநாட்டின் கண்டுபிடிப்பென்று பலர் நினைக்கிறார்கள். கி.பி. 1200 அளவில் எகிப்துக்குச் சென்ற பக்தாத் அறிஞர் அப்துல் லத்தீஃப், அங்கே மண் அடுப்புகளில் ஆயிரக்கணக்கில் முட்டைகளைப் பொரிப்பிக்கும் முறையை விரிவாக எழுதியிருக்கிறார். ஆயினும் அங்கே மாறியது பொரிக்கும் முறை. கோழியின் உடல் மாறவில்லை. உடலை மாற்றும் வேலை அமெரிக்காவில் இருபதாம் நூற்றாண்டில் நடந்தது. ‘நாளைய கோழி’ என்ற பெயரில் அங்கே நடந்த போட்டியின் தேசிய இறுதிச் சுற்று 1948இல் நடைபெற்றது. விரைவாக வளர்ந்து அகன்ற நெஞ்சுள்ள கோழிக்கே பரிசு. அதன் பின்னர் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து இனம் பெருக்கினார்கள்.

அதன் விளைவைக் கனடாவின் அல்பேர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. 1957, 1978, 2005 ஆகிய ஆண்டுகளுக்குரிய மூன்று வகைக் கோழிகளை ஒரே தீனியில் வளர்த்து 56ஆம் நாளில் நிறுத்தார்கள். முதலாவது 905 கிராம். இரண்டாவது 1,808 கிராம். மூன்றாவது 4,202 கிராம். புறொயிலருக்கு ஹோர்மோன் ஊசி போடுகிறார்கள் என்று எங்கள் ஊர்களில் பரவலாகப் பேசப்படுவதற்கு ஆதாரமில்லை. வேகம் ஊசியில் இல்லை, பரம்பரையிலேயே எழுதப்பட்டுவிட்டது. ஊர்க்கோழி ஐந்தாறு மாதத்தில் அடையும் நிறையைத் தாண்டி ஆறு வாரத்தில் வளரும் உடலைக் காலும் இதயமும் தாங்கச் சிரமப்படுகின்றன. முட்டைக்கோழியின் நிலையும் அதுவே. பழைய முறைக் கம்பிக்கூட்டில் அதற்குக் கிடைக்கும் இடம் ஒரு ஏ-4 தாளைவிடக் குறைவு. ஐரோப்பிய ஒன்றியம் அத்தகைய வெறுங்கூடுகளை 2012இலிருந்து தடைசெய்தது. வளர்ச்சியைத் தூண்டுவதற்காகத் தீனியில் நுண்ணுயிர்கொல்லி மருந்து கலப்பதை 2006இலேயே நிறுத்தியது. மருந்துக்கு அடங்காத கிருமிகள் உருவாகி மனிதருக்குத் தீங்கு செய்யும் என்ற அச்சமே காரணம்.

இங்கே ஜல்லாலா விவாதத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. அன்று சந்தேகத்துக்குரியது திரிகிற கோழி, அடைத்துவைத்தால் சுத்தமாகும். இன்று திரிகிற கோழி தின்பதை எல்லோரும் காண்கிறோம். அடைத்துவைத்த கோழி தின்பதை வாங்குபவர் எவரும் காண்பதில்லை. பண்ணைக்கோழி ஹராம் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்லும் தகுதி எனக்கில்லை. அது உலமாக்களின் துறை. இப்னு உமர் (ரலி) அவர்கள் காட்டிய அக்கறையை நாம் எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதே என் கேள்வி. குர்ஆன் ஹலாலோடு ‘தய்யிப்’ என்ற சொல்லையும் சேர்த்துச் சொல்கிறது. அறுப்பைப் பற்றி விசாரிக்கும் நாம் வளர்ப்பைப் பற்றி எவ்வளவு விசாரிக்கிறோம்?

முகம் தெரியாத கோழிக்கு முகத்துக்குப் பதிலாக ஒரு முத்திரை தேவைப்பட்டது. அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா ஹலால் சான்றிதழ் வழங்கி வந்தது. நுகர்வோருக்கு அது பெரிய உதவி என்பதில் ஐயமில்லை. ஆனால் முத்திரை பொதுவிடத்தில் நிற்கும் பொருள். அதை நோக்கிக் கல்லெறிவதும் எளிது. 2012ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து ஹலாலுக்கு எதிராகப் பொதுபல சேனா நடத்திய பிரசாரத்தை அடுத்து, 2013 மார்ச்சில் உள்நாட்டுச் சந்தைக்கான பொருள்களில் ஹலால் இலச்சினையைப் பயன்படுத்துவதில்லை என்று உலமா சபை அறிவிக்க நேர்ந்தது. சான்றிதழ்ப் பணி பின்னர் தனி அமைப்பொன்றிடம் சென்றது. படலையடியில் கோழி கைமாறிய காலத்தில் எந்த மேடையிலும் இதைப் பேசிப் பகை வளர்க்க வழி இருந்திருக்காது.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். புறொயிலர் வந்ததால்தான் கூலித் தொழிலாளியின் வீட்டில் பெருநாளுக்கும் பொங்கலுக்கும் அப்பாலும் கோழிக்கறி மணந்தது. ஊர்ப்பேடு ஆண்டுக்கு ஐம்பது முட்டை அளவில் இடும். பண்ணைக்கோழி முந்நூறு இடும். நாடு முழுவதற்கும் ஊர்க்கோழியால் ஊட்ட முடியாது. வகுப்பில் மெலிந்த பிள்ளைகளைக் காண்கிற ஓர் ஆசிரியன் மலிவான முட்டையை இகழ முடியாது. ஆனால் அந்த மலிவு வெளியிலிருந்து வரும் சோளத்தையும் சோயாவையும் டொலரையும் நம்பி நிற்கிறது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் தீனி கிடைக்காமல் பண்ணைகள் சுருங்கின. 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் நிலைக்கு நாடு வந்தது. 1990இல் குடாநாடு கற்ற பாடத்தை முழு நாடும் அப்போது கற்றது. ஆகவே ஊர்க்கோழியைப் பண்ணைக்கு மாற்றாகக் கருதாமல், அடியோடு அழிந்துவிடாமல் காக்க வேண்டிய காப்பாகக் கருதுவதே சரி.

காப்பதும் வெறும் வாய்ச்சொல்லால் ஆகாது. ஊர்க்கோழி குறைவதற்கு முதற் காரணம் கழிச்சல் நோய்; ஒரு தடவை வந்தால் கூடு கூடாகக் கொண்டுபோகும். நியூகாசில் நோய் எனப்படும் அதற்குத் தடுப்பு மருந்து உண்டு. கண்ணில் ஒரு சொட்டு விடும் வேலைதான். மழைக்காலத்தில் குஞ்சுக்கு உலர்ந்த கூடு வேண்டும். இவை இரண்டும் இருந்தால் பொரித்த குஞ்சுகளில் பாதியேனும் பிழைக்கும். அடுத்தது விலை. ஆறு மாதம் வளர்த்த கோழிக்கு ஆறு வாரத்துக் கோழியின் விலையைக் கேட்டுப் பேரம் பேசினால் வளர்ப்பவர் கைவிட்டுவிடுவார். கடையில் ‘ஊர்’ என்ற பெயரில் நிறமுள்ள கலப்பினக் கோழியும், முட்டை ஓய்ந்த பண்ணைக்கோழியும் விற்கப்படுவதுண்டு. இதற்கும் இன்னொரு முத்திரை கண்டுபிடித்துப் பயனில்லை. வளர்க்கும் வீட்டை அறிந்து வாங்குவதே வழி.

யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிய முஸ்லிம் குடும்பங்கள் வெளியேறியவர்களில் சிறு பகுதிதான். வீடும் காணியும் பற்றிய சிக்கல்கள் இன்னும் இருக்கின்றன. அவற்றைத் தீர்க்க அரசும் சட்டமும் வேண்டும். கோழி வாங்க ஒருவரின் அனுமதியும் வேண்டாம். நகரிலிருந்து நீர்வேலிக்குச் சைக்கிளில் வந்துவிடலாம். இங்கே கோழி வளர்க்கும் பெண்கள் இருக்கிறார்கள். அங்கே உயிர்க்கோழி தேடும் வீடுகள் இருக்கின்றன. நோன்புப் பெருநாளுக்கு முதல்வாரம் நாலு வீட்டார் சேர்ந்து இந்தப் பக்கம் வந்து, படலையில் நின்று விலை பேசி, உயிரோடு வாங்கிப் போனால் இரு பக்கத்துக்கும் ஆதாயம். வீட்டுக்காரி சொல்லும் விலை கொஞ்சம் கூடத்தான் இருக்கும். கோழி எதைத் தின்று வளர்ந்தது என்று கேட்டால் தோட்டத்தைக் காட்டுவா.